சிக்காகோவுக்காக ஒரு விருந்து

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் சனத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறவள் தான் வேலை செய்யும் வீட்டை இன்னொருத்தியிடம் விட்டுப் போவாள். அவள் திரும்பி வந்ததும் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தமக்கையின் செத்தவீட்டுக்குக் கொழும்புக்குப் போன அம்பிகை, கால்சாப் பகுதியில் தான் வேலை செய்த வீட்டைக் குகனேஸ்வரியிடம் அப்படித்தான் விட்டுப் போனாள்.

அந்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு படிப்பிக்கிறவர். வேலைநிறுத்தங்களும் அவற்றைச் சுட்டு அடக்கிய அரசும்தான் அவருடைய பாடம். ஊருக்குத்தான் உபதேசம். எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க ஏலாது என்று அம்பிகை ஒருமுறை சொல்லிவிட்டாளாம். அவள் வேண்டாம், இனி நீயே நில், உன் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க நான் பொறுப்பு என்றார் சிஞ்ஞோரா குகனேஸ்வரியிடம். இத்தாலியில் தங்கியிருப்பதற்கான அனுமதி அது; அடுத்த மாதம் முடிகிறது. வேலையில்லாதவளுக்கு யார் அதை நீட்டிக் கொடுப்பார்கள்? குகனேஸ்வரி தலையாட்டினாள். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். வெட்கம் போகவில்லை.

மே முதலாம் திகதி சிஞ்ஞோரா நண்பர்களுக்கு விருந்து வைத்தார். நாடு முழுக்க லீவு. குகனேஸ்வரி விடிந்ததிலிருந்து மீன் வெட்டினாள். மேசையில் சிக்காகோ கதை ஓடியது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்களைத் தூக்கில் போட்டதை, பொலிசும் நீதிமன்றமும் முதலாளிகளின் கையில் இருந்ததைச் சிஞ்ஞோரா கண்ணீர் மல்கச் சொன்னார். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான், பொய் சொல்லக்கூடாது. எல்லோரும் எழுந்து நின்று கிளாசை உயர்த்தினார்கள்.

அப்போது கீழ்வாசல் மணி அடித்தது. கதவருகே சுவரில் இருந்த போனைக் குகனேஸ்வரி எடுத்தாள். கொழும்பிலிருந்து திரும்பிய அம்பிகைதான். யாரென்று தெரிந்ததும் சிஞ்ஞோரா குரலைத் தாழ்த்தினார். தான் வீட்டில் இல்லையென்று உங்கள் பாஷையிலேயே சொல்லிவிடு என்றார்.

“சிஞ்ஞோரா வீட்டை இல்லை, அக்கா.”

பல்கனிக் கதவு திறந்தே கிடந்தது. சிரிப்பும் கிளாஸ் சத்தமும் தெருவரை கேட்டிருக்கும்.

“அவ இல்லாட்டிப் பரவாயில்லை பிள்ளை,” என்றாள் அம்பிகை. “நாளைக்கு நான் வேலைக்கு வாறன் எண்டு சொல்லத்தான் வந்தனான். நீ நிக்கிறாய்தானே, கதவைத் திற.”

திறக்கும் பொத்தான் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சிஞ்ஞோரா பார்த்துக்கொண்டிருந்தார். குகனேஸ்வரிக்கு முகமெல்லாம் எரிந்தது.

“நானும் இல்லை, அக்கா.”