கட்டுப் போடும் நேரம்

நர்ஸ் வந்தால் வீட்டில் நோய் குறையும் என்பார்கள். தையல்காரிக்குக் குறைந்தது நிம்மதிதான்.

அவள் புருஷன் மிக்சி ரிப்பேர் செய்கிறவன். முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்ப் பல வருஷம். புண் வந்தாலும் அவனுக்கு வலிக்காது. அதனால் தினமும் காலையில் அவனைக் குப்புறப் போட்டு, டார்ச் அடித்து, எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவன் பின்பக்கம் எப்படியிருக்கிறது என்பது அவள் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

துணி குவிந்த ஒரு வாரம் பார்க்காமல் விட்டாள். படுக்கைப்புண் வந்துவிட்டது. படுக்காதவனுக்கு ஏது படுக்கைப்புண் என்று கேட்காதீர்கள், நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வரும்.

கட்டுப் போட நர்ஸ் வந்ததும், "நீ போய் தையலைப் பாரும்மா" என்று அவளை அனுப்பிவிடுவான். கதவு சாத்தப்படும். உள்ளே ஒரே சிரிப்பு. இத்தனை வருஷம் மலமும் மூத்திரமும் அள்ளியவளுக்கு உம்மென்ற மூஞ்சி, நேற்று வந்தவளுக்குச் சிரிப்பா? அவளுக்கு வயிறு எரிந்தது. சட்டைக் கையைக் காலரில் வைத்துத் தைத்தாள்.

ஒருநாள் நர்ஸுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு வரவேணாம், நானே பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

"அவங்களே வரட்டுமே" என்றான் அவன், முகம் வெளுத்து.

"ஏன், என் கை கசக்குதா?"

புரட்டிப் போட்டுக் கட்டைப் பிரித்தாள். மேலே சின்ன வாய். உள்ளே விரல் போகிற பள்ளம். அதன் அடியில் வெள்ளையாக எலும்பு. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரில சேரணும்னு அவங்க சொல்லிட்டேதான் இருக்காங்க" என்றான் தலையணைக்குள். "உனக்குத் தெரிஞ்சா, உன்னாலதான்னு உன்னையே தின்னுக்குவ. அவங்க பேசறது கேட்டுடக் கூடாதுன்னுதான் சத்தமா சிரிச்சேன். சிரிச்சு முடிச்சு அழுதும் இருக்கேன்."

"அவ முன்னாடியா?"

"ம்."

சிரிப்பையாவது மன்னித்திருப்பாள். அழுததை மன்னிக்க முடியவில்லை.

நர்ஸுக்கு மறுபடி போன் போட்டாள். "கோவிச்சுக்காம வாங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போயிடலாம்." வைத்துவிட்டு, அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இனிமே அழறதா இருந்தா என்கிட்ட அழுங்க. அதுக்குமா இன்னொருத்தி?"