மூடாத தட்டு

அப்பாவின் இடது ஷூ கழன்றுவிட்டது. வலது ஷூவின் முடிச்சுதான் மகளின் நகத்துக்கு அகப்படாமல் படுத்தியது. கூடத்தில் பத்துப் பேர் அழுதார்கள். அத்தை ஒருத்தியே அதில் ஏழு பேருக்குச் சமம். மகளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு இறுக்கமாகவா கட்டுவார் என்று மட்டும் தோன்றியது.

தங்கக் கைக்கடிகாரங்களுக்குக் கூடு கடையும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. அங்கே ஒருவர் தும்மினால் கைக்குட்டையையும் எடை போடுவார்கள். கடைசலில் விழும் சீவல், தரை பெருக்கிய குப்பை, கை கழுவிய தண்ணீர், கிழிந்த ஏப்ரன் எல்லாம் உலைக்குப் போய்த் தங்கமாகத் திரும்பும். ஒவ்வொருவர் தட்டிலும் எடை போட்டுக் கொடுத்த தங்கம், வேலை முடியும்போது சீவலோடு அதே எடைக்கு வந்து கணக்கு சரியானால்தான் தட்டு 'மூடும்'. முப்பத்தோரு வருஷத்தில் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தது முதுகுவலி ஒன்றுதான். பட்டறையில் போடும் ஷூ அதன் வாசலைத் தாண்டியதே இல்லை. இன்று காலை இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தவரை, அதைக் கழற்ற மறந்து தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். டாக்டர் கையைப் பிடிக்குமுன் எல்லாம் முடிந்திருந்தது.

தூக்கியவர்களில் ஒருவர், தட்டுகளை எடை போட்டுக் கணக்கு எழுதும் சீவல் அறைக்காரர், வீட்டு வாசலிலேயே நின்று மூன்று முறை கனைத்தார்.

"உள்ள வாங்க மாமா."

"இருக்கட்டும்மா... அது வந்து..."

"ஷூவா?"

அவர் தலை குனிந்தார். "மொதலாளி ஒண்ணும் சொல்லல. நான்தான்... உங்கப்பன் தட்டு இன்னைக்கு எடை குறையுதும்மா. இத்தன வருஷத்துல ஒரு நாள் குறைஞ்சதில்ல. குறைன்னு எழுத எனக்குக் கை வரல."

அத்தை அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள். "எங்கண்ணன் கால்லயே பொறுக்க வந்துட்டியாய்யா? பல்லையும் எண்ணிட்டுப் போறியா?"

தலைமாட்டில் இருந்த அம்மா நிமிரவே இல்லை. "குடுத்துடு," என்றாள் மகளிடம். "தட்டு குறைஞ்சா அவருக்குத் தூக்கம் வராது."

அம்மாவே எழுந்துபோய் அப்பாவின் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்தாள். வெள்ளைக் காகிதத்தின் மேல் மகள் ஷூவைத் தட்டினாள். அடிப்பள்ளங்களைப் பிரஷ்ஷால் தேய்த்தாள். மயிரிழைச் சீவல்கள் மினுங்கி விழுந்தன.

"போதும். தட்டு மூடிடும்," என்றார் அவர். காகிதத்தை மடித்தார். ஷூவையும் கொண்டுவந்த பையில் போட்டார். தயங்கி, "இந்தப் பிரஷ்ஷும்... முள்ளுல ஒட்டியிருக்கும்."

அம்மா தலையசைத்தாள்.

பிறகு அவர் பையிலிருந்து ஈரத்துணியை எடுத்து, பட்டறையில் எல்லாருக்கும் செய்கிற பழக்கத்தில், மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அந்தக் கையும்மா."

அந்தக் கையையும் நீட்டினாள். அவர் துணியை மடித்துப் பையில் வைத்து, வாசல் இறங்கிப் போனார்.

அவள் இரண்டு கைகளையும் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.