ஹீட்டர் போட்டால் வரும் வாடை

கேரவனின் கதவைத் திறந்தவள் உள்ளே கால் வைக்கவில்லை. பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னிக்கும் இருக்குங்க."

பெயிண்டரான அவள் கணவன் அவளைத் தாண்டி உள்ளே தலையை நீட்டி மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. மீசை முளைக்கும் முன்பிருந்தே தின்னரையும் வார்னிஷையும் சுவாசித்த மூக்கு அது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூட அவனுக்குப் புகையைக் கண்ணால் பார்த்துத்தான் தெரியும்.

"எப்படி இருக்கு, சொல்லேன்."

"பூண்டை மண்ணெண்ணெய்ல ஊறப்போட்ட மாதிரி. காலையில இவ்வளவு இல்ல. ஹீட்டரைப் போட்டா கிளம்பி வருது. தொண்டையில போய் ஒட்டிக்குது."

"அப்ப அணைச்சிடவா?"

அவள் பிள்ளையின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தன. அவனைப் பார்த்தாள். அணைத்தால் குளிர், போட்டால் வாடை.

மழையில் ஆறு தெருவுக்குள் புகுந்து அவர்கள் வீட்டின் தரையைப் பெயர்த்துவிட்டுப் போயிருந்தது. கொத்தனார் வேலை முடிகிறவரை எங்கே போவது என்று கைக்குழந்தையோடு திகைத்து நின்றபோது, அவளுடைய அண்ணன்தான் தன் கேரவனை ஓட்டிக்கொண்டு வந்து சாவியை நீட்டினார். பழத்தோட்டம் வைத்திருப்பவர். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கென்று ஆசையாக வாங்கிய வண்டி. கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. "தங்கச்சி பிள்ளைக்கு இல்லாத வண்டி எனக்கு எதுக்கு மாப்ள?" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் பஸ் பிடித்துப் போய்விட்டார். லாண்டரிக்குப் பக்கத்திலிருந்த காலி மனையில் வண்டியை நிறுத்திக்கொண்டார்கள்.

வாடை வந்த முதல் நாள் இருவருக்கும் ஒரே பயம்தான். கேஸ். மெக்கானிக்கை அழைத்து வந்தான். அவர் சோப்பு நுரையைக் குழாயின் மூட்டுக்கு மூட்டு தடவி, முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு குமிழிகூட எழவில்லை.

"நாத்தம் இருக்கும்மா. ஆனா இது என் டிபார்ட்மென்ட் நாத்தம் இல்ல. கேஸா இருந்தா இந்நேரம் நாம இப்படி நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். மேல போய்த்தான் பேசியிருக்கணும்."

அவர் சிரித்தார். அவர்களால் சிரிக்க முடியவில்லை. கேஸ் என்றால் அதற்கு ஒரு பெயராவது உண்டு. பெயர் தெரியாத ஒன்று பிள்ளையின் தொட்டிலைச் சுற்றி வருகிறது என்பது இன்னும் மோசமாக இருந்தது.

கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து கழுவினான். மெத்தையை வெயிலில் போட்டான். அலமாரிகளில் கரித்துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டான். எதற்கும் அசையவில்லை. கடைசியில் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். எல்லா அலமாரிக்குள்ளும் வெள்ளைப் பெயிண்ட் ஒரு கோட் அடித்தான். மனைவியும் பிள்ளையும் அன்று முழுக்க லாண்டரியில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தவள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப ரெண்டு வாடை அடிக்குது. எது எதுன்னே எனக்குத் தெரியல."

அவள் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவனுக்குள் வேறு எங்கோ போய்த் தைத்தது. ஒருவேளை அது நானேதானோ? என் சட்டையில், முடியில், நகக்கண்ணில் ஒட்டிவரும் மருந்துதான் பிள்ளையைத் தொடுகிறதோ? அன்றிலிருந்து வேலை உடுப்பை லாண்டரியின் பின்கட்டில் கழற்றி வைத்துவிட்டு, குளிரில் பல் கிட்டிக்க அங்கேயே குளித்துவிட்டு வந்தான். அப்படியும் பிள்ளையைத் தூக்கப் பயமாக இருந்தது. "பொட்டு" என்று தூரத்திலிருந்தே கூப்பிடுவான். பொட்டு போல இருந்ததால் அவன் வைத்த பெயர். முன்பெல்லாம் அந்தக் குரலுக்குக் கால் உதைப்பாள். இப்போது உதைப்பதில்லை. பால் குடிக்கும்போதே தூங்கிவிடுவாள். வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

கிளினிக் டாக்டர் நிதானமானவர். பிள்ளையை உடல் முழுக்கப் பார்த்துவிட்டு, வீட்டில் என்னென்ன புழங்குகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயிண்டைப் பற்றிக் கேட்டார். கொசுவத்தியைப் பற்றிக் கேட்டார்.

"பூச்சி மருந்து ஏதாவது அடிச்சீங்களா?"

"இல்லங்க," என்றார்கள் இருவரும். அது உண்மைதான்.

"அப்ப அந்த வாடை எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அதுவரைக்கும் பிள்ளை அங்க இருக்க வேண்டாம். உடம்பு துவண்டா, கண்ணுமணி ஊசிமுனை மாதிரி சுருங்கினா, ஒரு நிமிஷம் யோசிக்காம ஓடி வாங்க."

ஊசிமுனை என்ற சொல் வழி முழுக்க அவர்களோடு வந்தது. அவள் பத்தடிக்கு ஒருமுறை பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தாள்.

லாண்டரிக்கார அம்மா கதையைக் கேட்டதும் எழுந்துவிட்டார். மாடியில் துணி அடுக்கும் அறையை ஒழித்து, ஒரு பாயையும் தலையணையையும் போட்டார். "கீழ மெஷின் ஓடுற சூடு மேல வரும். பிள்ளைக்கு அது போதும்," என்றார். ஆண்டவன் உதவி அனுப்பும்போது மேளம் கொட்டி அனுப்புவதில்லை. பெரும்பாலும் இப்படித்தான், கையில் ஒரு பாயைக் கொடுத்து அனுப்புகிறான்.

"உங்க அண்ணனைக் கேட்டா என்ன?" என்றான் பெயிண்டர். "வண்டி அவரோடது. ஏதாவது தெரிஞ்சிருக்கும்."

அவள் முகம் மாறிவிட்டது. "எப்படிக் கேட்கச் சொல்றீங்க? ஆசையா வாங்கின வண்டியைத் தூக்கிக் குடுத்திருக்கான். நாத்தம் அடிக்குதுண்ணான்னு சொல்லவா? அண்ணி காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்த கதை ஆயிடும்."

அவனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. உள்ளூர அவனுக்கும் கூச்சம்தான். மச்சான் முன்னால் குறை சொல்லி நிற்பதைவிட, வண்டி முழுவதையும் தானே பிரித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

சொந்த மூக்கு செத்துப்போனவன் இரவல் மூக்கைத்தான் நம்ப வேண்டும். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஒரு அறையின் தூசி அடுத்த அறைக்குப் போகாமல் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் ஒட்டி அடைப்பது அவன் வழக்கம். அதேபோலக் கேரவனைத் துண்டு துண்டாக அடைத்தான். அலமாரி ஒவ்வொன்றும் தனி. கட்டிலடி தனி. ஹீட்டருக்குப் பக்கத்திலிருந்த உட்காரும் பெஞ்சின் அடிப்பக்கம் தனி. லாண்டரியில் சோப்பே போடாமல் வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணிகளை ஒவ்வொரு அடைப்புக்குள்ளும் ஒன்று வைத்தான். ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினான்.

மறுநாள் காலை, துணிகளைத் தனித்தனிக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு மூடி, மனையின் நடுவே காற்றோட்டத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு லாண்டரிக்கார அம்மாவை உட்காரவைத்தான்.

"ஏன்யா, என்னை மோப்ப நாய் ஆக்கிட்டியே. பிஸ்கட்டாவது உண்டா?"

"கண்டுபிடிங்கம்மா, கேக்கே வாங்கித் தர்றேன்."

முதல் ஜாடியைத் திறந்து முகர்ந்தார். "உன் பெயிண்ட்." அடுத்தது. "இதுவும் பெயிண்ட்தான். மனுஷன் ஒரு இடம் விடலையா?" கட்டிலடித் துணியை முகர்ந்து, "பழைய மரம். சாதுவான வாடை," என்றார். பெஞ்சடி ஜாடியைத் திறந்தார். மூக்கின் அருகே கொண்டுபோனவர் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார். ஸ்டூல் சாய்ந்தது. ஜாடியை மூடிக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். முகத்தில் இருந்த விளையாட்டு முழுக்கப் போயிருந்தது.

"இதுதான். இந்தத் துணியை என் மெஷினுக்குள்ளயே விட மாட்டேன். கையில உறை போட்டுக்கிட்டுப் போ தம்பி."

பெஞ்சின் பலகையைக் கழற்றினான். ஹீட்டரிலிருந்து சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய் அதன் வழியாகத்தான் ஓடியது. குழாய்க்கு அடியில், குளிர் ஏறாமல் இருக்கப் பரப்பியிருந்த பஞ்சுத் தகடு ஓரிடத்தில் பழுப்பாகக் கறை பிடித்திருந்தது. உறை போட்ட விரலால் அமுக்கினான். இன்னும் எண்ணெய்ப் பசை காயவில்லை. மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது. நெஞ்சு இறுகியது. இவ்வளவு நாளும் இதன் மேல் ஓடிய காற்றைத்தான் பிள்ளை குடித்திருக்கிறாள் என்று புரிந்தபோது ஸ்பேனரை எறிந்துவிட்டு வெளியே பாய்ந்தான்.

அதே நேரம் மாடி ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. வார்த்தையாக வரவில்லை. வெறும் கத்தல்.

பொட்டு துணியைப் போலத் துவண்டு கிடந்தாள். கண்மணி ஊசிமுனையாக இருந்தது.

கிளினிக்கில் டாக்டர் பிள்ளையை வாங்கிக்கொண்டே பேசினார். "இது பூச்சி மருந்து செய்ற வேலை மாதிரித்தான் இருக்கு. அங்கிருந்து தூக்கிட்டு வந்தும், உடம்புல ஏற்கெனவே ஏறினது இப்பதான் வேலையைக் காட்டுது. எது, எவ்வளவுன்னு தெரிஞ்சா நான் துணிஞ்சு மருந்து குடுப்பேன். யாரைக் கேட்கணுமோ கேளுங்க. இப்பவே."

பெயிண்டர் மனைவியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே போனை எடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள். விரல் வழுக்கியது. அவன் வாங்கி அழுத்தினான்.

"சொல்லுங்க மாப்ள! வண்டி எப்படி, சௌகரியமா இருக்கா?"

"மச்சான், ஹீட்டருக்குப் பக்கத்துல, பெஞ்சுக்கு அடியில என்ன ஊத்தினீங்க?"

மறுமுனையில் பேச்சு நின்றது. அந்த அமைதிதான் பெயிண்டரை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது. மனிதர்கள் பொய் சொல்லப் போகும்போதும் இப்படித்தான் அமைதியாக இருப்பார்கள். மச்சான் வேளைக்கு ஒரு சட்டை மாற்றுகிறவர், கௌரவம் பார்க்கிறவர். ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது.

"மச்சான், பொட்டு கண்ணைத் திறக்க மாட்டேங்கிறா. உங்களைக் குறை சொல்லல. டாக்டருக்குப் பேர் தெரியணும்."

"கரப்பான் மாப்ள." குரல் உடைந்திருந்தது. "வண்டியெல்லாம் கரப்பான். பச்சப்புள்ளை வர்ற இடமாச்சே, அப்படியே எப்படிக் குடுக்கறதுன்னு... சொல்லவும் வெட்கமா இருந்துச்சு. தோட்டத்துல மரத்துக்கு அடிக்கிற மருந்தைக் கலக்காம அப்படியே ஊத்திட்டேன். இருங்க, இருங்க, பாட்டிலை எடுக்க ஓடுறேன். வச்சிடாதீங்க!"

காலடிச் சத்தமும் மூச்சிரைப்பும் ஒரு தகரக் கதவு அறைபடுவதும் கேட்டன. பிறகு மச்சான் பாட்டிலில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயிண்டர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னதும், டாக்டர் தலையை அசைத்துவிட்டுப் பிள்ளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவுக்கு வெளியே இருவரும் நின்ற நேரத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது. பிரார்த்தனை தெரிந்தவர்களுக்கே அந்த நேரத்தில் வார்த்தை மறந்துபோகும். அவள் "கொடுத்தவனே, கொடுத்தவனே" என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் முதலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு இருமல். பிறகு, வெகுநாளாகக் கேட்காத கோபத்தோடு, ஒரு முழு அழுகை.

பிள்ளை கிளினிக்கிலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். மச்சான் அன்று மாலையே வந்து சேர்ந்தார். கிளினிக்குக்கு வரவில்லை. நேராகக் கேரவனுக்குப் போய், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பெஞ்சைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் போய்ப் பார்த்தபோது மனையெல்லாம் பலகைகள்.

"விடுங்க மச்சான், நான் செய்றேன்."

"நான் ஊத்தினது மாப்ள. நான்தான் எடுக்கணும்."

"சரி, ரெண்டு பேரும் எடுப்போம். முதல்ல கையில உறையைப் போடுங்க."

ஊறிய பஞ்சுத் தகட்டையும் அதன் கீழிருந்த பலகையையும் வெட்டி எடுத்துத் தடித்த பைகளில் கட்டினார்கள். காற்றுக்குழாயைத் துண்டித்து எறிந்தார்கள். இரும்புச் சட்டத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைத்து, காயவைத்து, மறுபடி கழுவினார்கள். ஒரு கட்டத்தில் மச்சான், "மேல கெட்டியா ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சு மூடிடலாமா?" என்று கேட்டார்.

"மூடி மூடித்தான் மச்சான் இந்த நிலைமை. நீங்க கரப்பானை மூடினீங்க. நாங்க வாடையை மூடினோம். இதைத் திறந்தே கிடக்க விடுவோம்."

புறங்கையால் கண்ணைத் துடைக்கப் போன மச்சானின் மணிக்கட்டைப் பெயிண்டர் பிடித்துக்கொண்டான். உறையில் மருந்து இருந்தது.

அன்பு குறைந்ததால் அல்ல, அன்பு அளவுக்கு மீறிக் கூச்சப்பட்டதால்தான் அந்தப் பிள்ளை சாவின் வாசல்வரை போய்வந்தது. ஒருவர் வெட்கத்தை விட்டுச் சொல்லியிருந்தாலோ, மற்றவர் வெட்கத்தை விட்டுக் கேட்டிருந்தாலோ போதும்.

பொட்டுவைக் கேரவனுக்கு அவர்கள் திரும்பக் கொண்டுபோகவில்லை. வீடு முடிகிறவரை மாடி அறையில் இருக்கச் சொன்னார் லாண்டரிக்கார அம்மா. கிளினிக்கிலிருந்து வந்த அன்று மச்சான் லாண்டரி வாசலில், உள்ளே வராமல், பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"நீ செஞ்சது தப்புண்ணா."

"தப்புதாம்மா."

"இனிமே ஒண்ணு குடுத்தா, அதுல என்ன குறை இருக்குன்னும் சொல்லிக் குடு. நானும் வாயைத் திறந்து கேட்கறேன்."

அவர் தலையைக் குனிந்தபடியே ஆட்டினார். பொட்டு தோளில் நெளிந்து, காலை உதைத்துச் சிணுங்கினாள்.

"அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தா எப்படி? பைப் அந்தப் பக்கம் இருக்கு. கையை நல்லாக் கழுவிட்டு வா. இவளை வாங்கிக்கோ, எனக்குத் தோள் வலிக்குது."