கொடி திரும்பிப் பார்க்காது

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் மோசஸ் கையிலிருந்த மைக்கைத் தூக்கி, பர்லியார் வழியாகவே இறங்குவோம், பிராங்ளின் அடிபட்ட வளைவில் மண்டியிட்டு ஜெபிப்போம் என்று அறிவித்தார். தலையில் மாதா சுரூபத்தோடு ஐவி அப்படியே நின்றுவிட்டாள். அருவங்காட்டில் கிளம்பும்போது கோத்தகிரி வழி என்றுதானே பேச்சு! சுற்றுதான், ஆனால் அந்த வளைவு வராது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் காவிப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

போன வருடம் இதே வேளாங்கண்ணி நடைப்பயணத்தில் சுரூபம் சுமந்தவன் அவள் கணவன் பிராங்ளின். கொடி பிடித்தவர் அவனுடைய அண்ணன் மோசஸ். இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகும் கொடி, அடுத்த தங்கல் வரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நேர்ச்சை முறிந்துபோகும் என்பார்கள். வளைவில் சாலையைக் கடந்த மோசஸ், திரும்பாமலே மைக்கில் "வாங்க" என்றார். அண்ணன் சொல்லைக் கேட்டு அடியெடுத்து வைத்தவனைத் தேயிலை லாரி அடித்துவிட்டது. சுரூபத்தின் வலது கையும் உடைந்தது. அதைப் பசை போட்டு ஒட்டினார்கள். பிராங்ளின் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு மோசஸ் சொல்லித் திரிந்த கதைதான் ஐவியின் வயிற்றெரிச்சல். தம்பி போனைப் பார்த்துக்கொண்டே நடந்தானாம். கோயிலில் சொன்னார், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் சொன்னார், முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டே சொன்னார். அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும், ஊர் நகராதா? அவள் மகள் அலீனாவிடமே பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை. இன்று அந்த வளைவில் ஐவியை மண்டியிட வைத்து, மாதா முன்னாலேயே அதைச் சொல்லி முத்திரை குத்தப்போகிறார். நல்லா இருக்கு நியாயம்!

நான் கோத்தகிரி வழியில்தான் வருவேன் என்றாள் ஐவி. கொடி போகிற வழிதான் மாதாவுக்கும் வழி, இஷ்டத்துக்கு மாற்ற இது டூரா என்று எகிறினார் மோசஸ்.

"அவன் கவனமில்லாம நடந்ததுக்கு நாங்க ஊரைச் சுத்தோணுமா?"

ஐவி தலைப்பாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, ரெண்டு கையிலயும் மாதாவைப் புடிச்சிருந்த மனுசன், எந்தக் கையில போனைப் பாத்தாருங்க?"

கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், பலருக்குத் தோன்றவில்லை, தோன்றியவர்களும் வாயைத் திறக்கவில்லை. மோசஸின் மனைவி ஹன்னா தன் கால் கொலுசையே பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். மோசஸ் கொடியை நிமிர்த்தி, மேட்டுப்பாளையம் சாலையில் விறுவிறுவென்று இறங்கினார். பின்னால் வராமல் எங்கே போவார்கள் என்ற திமிர் அந்த நடையில் இருந்தது.

ஐவி கோத்தகிரிச் சாலையில் திரும்பினாள். யாரும் தடுக்கவில்லை, வரவும் இல்லை. வேளாங்கண்ணி வரைக்கும் தன்னந்தனியாகப் போனாலும் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு கொலுசுச் சத்தம் கேட்டது. பிறகு செருப்பில்லாத பாதங்கள், ஒன்றிரண்டாக. தலையில் சுரூபம் இருக்க, யாரென்று திரும்பிப் பார்க்க முடியவில்லை.

கீழே மைக் கரகரத்தது. "மரியே..."

"வாழ்க" என்று எல்லாரும் சொல்ல வேண்டிய இடம். பழக்க தோஷத்தில் ஐவிக்கே நாக்கு எழுந்தது, விழுங்கினாள். பின்னாலிருந்தும் சத்தமில்லை.

மேடேறிய இடத்தில், மரங்களின் இடைவெளியில் கீழ்ச்சாலை தெரிந்தது. முதல் வளைவில் கொடி மட்டும் தனியாக நின்றிருந்தது. திரும்பவில்லை. மைக் மறுபடியும் கரகரத்தது.

"மரியே..." இந்த முறை மெதுவாக.