வெறும் டீ

காலையில் கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஜெர்சனுக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? ஆன்மேரி இறந்து அன்றோடு இருபத்தைந்து வருஷம். திருவாதவூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில், மாலை நாலு மணிக்கு நினைவுப் பூசை. மனைவி பாக்கியமேரி முதல் நாளே போய்விட்டாள். இவன் ஆஸ்பத்திரியில் மருந்தை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பாய் டீக்கடை அப்படியே இருந்தது. அக்காவை வைத்தியத்துக்குக் கூட்டிவரும்போதெல்லாம் இங்கேதான் உட்காருவார்கள். பத்து எட்டு வைத்தாலே அவளுக்குத் தொடை ஓய்ந்துவிடும். தம்பியின் வலது தோளில் கை ஊன்றித்தான் நடப்பாள். ஒரு டீ வாங்கி இரண்டாகப் பிரித்து, நுரை உள்ள கிளாஸை அவன் பக்கம் தள்ளுவாள். அந்த நினைப்பு இழுத்த இழுப்பில் ஜெர்சன் உட்கார்ந்து ஒரு டீ குடித்தான். குடித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"வெறும் வயிறுதானண்ணே?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள் நர்ஸ் தமிழ்வாணி.

"வெறும் வயிறுதாம்மா."

அது பொய்யில்லை. மதுரையில் எவன் டீயைச் சாப்பாட்டில் சேர்த்தான்? ஆனால் கேப்சூலைக் கையில் கொடுத்தபோது அவள் விடவில்லை.

"பால், டீ எதுவும் குடிக்கலைல்ல? குடிச்சிருந்தா ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் தரணும்."

இரண்டு மணி நேரம் தள்ளினால் பூசை போச்சு. "இல்லம்மா" என்றான். இது சுத்தப் பொய். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

"ஒரு டீயில என்னம்மா ஆகிரும்?" என்று மெதுவாக ஆழம் பார்த்தான்.

"நாங்க ஏத்துற பாட்டில்ல இருக்கிற என்சைம்தான் உங்க சதையில தேங்குற சர்க்கரையை உடைக்கும். ஆனா ரத்தத்துல போகப் போக அது குலைஞ்சிரும்ணே. இந்தக் கேப்சூல்ல உள்ள குட்டி மூலக்கூறு, சதைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அதைக் குலைய விடாமப் பிடிச்சுக்கிடும். வயித்துல எதாச்சும் கிடந்தா இது சரியா ரத்தத்துல சேராது. அப்புறம் அம்புட்டு மருந்தும் துணையில்லாமத்தான் போகணும்."

ஜெர்சன் கேப்சூலையே பார்த்துக்கொண்டிருந்தான். இதே கோரிப்பாளையம் சந்திப்பில் ஒருநாள், பஸ்ஸில் இடம் போட அக்காவை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். கூட்டம் இடித்து அவள் விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம். வீட்டில், "கல்லு தடுக்கிருச்சும்மா" என்று அவனைக் காட்டிக்கொடுக்காமல் சொன்னாள். அவள் நோய்க்கு அன்று பேர்கூட யாரும் சொல்லவில்லை. அதே நோய் நாற்பது வயதில் இவனுக்கு வந்தபோது மருந்து வந்திருந்தது.

கேப்சூலைத் திருப்பி நீட்டினான். "ஒரு டீ குடிச்சுட்டேன்மா. பால் டீ."

தமிழ்வாணி தலையில் கை வைத்தாள். "நல்லவேளை, இன்னும் மருந்தைக் கலக்கல. உக்காருங்க. முடிய நாலரை ஆயிரும், பரவால்லயா?"

"பரவால்ல."

எங்கே பரவாயில்லை? பூசை போச்சு.

நாலு மணிக்கு இடது கையில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தபோது பாக்கியமேரி போன் போட்டாள். போனைப் பீடத்தின் பக்கமாகப் பிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. மணிச் சத்தம் கேட்டது. பிறகு ஃபாதர் நிதானமாகப் பேரை வாசித்தார்: "ஆன்மேரி."

நாற்காலியில் சாய்ந்திருந்த ஜெர்சனின் வலது தோள், அவள் கை ஊன்ற வசதியாகத் தானாகவே கொஞ்சம் தாழ்ந்தது.