டிரம்முக்குள் நின்ற அணி

சேனையின் பெரிய டிரம் கடைசியாக எடை போட்ட அன்று நூற்று எண்பத்தேழு கிலோ இருந்தது. இரண்டு பக்கமும் தோல், சுற்றிலும் மரவளையம், நடுவில் காற்று, அவ்வளவுதான். பழைய இரும்புக் கடைக்காரர் தன் தராசின் மேல் சந்தேகப்பட்டுத் தானே ஒரு தடவை ஏறி நின்று பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது, அவர்தான் நாலு கிலோ கூடியிருந்தார்.

அந்தத் தெருவில் சேனை என்றால் துப்பாக்கி இல்லாத பட்டாளம். பசித்தவர்களுக்கு சூப் ஊற்றுவதும் கிழிசல் உடுத்தியவர்களுக்குத் துணி கொடுப்பதும்தான் அவர்களுடைய யுத்தம். ஆனால் சூப் ஊற்றுகிறவருக்கு சார்ஜென்ட் பதவி, காலை ஜெபத்துக்கு முழங்கால் பயிற்சி என்று பெயர், சேருவதற்குப் போர்ப் பத்திரத்தில் கையெழுத்து. எதிரி யார் என்று கேட்டால் சாத்தான் என்பார்கள். அவன் எந்த வீட்டில் குடியிருக்கிறான் என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு கதவு எண் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாராயக் கடைக்கு எதிர்முனையில் கொடியும் குழலுமாக அணிவகுத்து நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் டிரம்மைத் தரையில் படுக்க வைப்பார்கள். மனம் திருந்தியவர் வந்து முழங்கால் போட்டு, அதன்மேல் கைவைத்து, முணுமுணுவென்று தன் பாவத்தை இறக்கி வைத்துவிட்டுப் போவார். என்ன சொன்னார் என்று தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் ஒரு வார்த்தை பிடிபட்டதில்லை. கடைசியில் கேப்டனம்மா, இருபத்தாறு வயசுக்காரி, "அணி, கலை!" என்று கீச்சுக் குரலில் சொல்லும்வரை மழை கொட்டினாலும் ஒரு சிப்பாய் அசையமாட்டார்.

டிரம் அடித்தவர் இஸ்திரிக்கார அம்மாளின் புருஷன். பதினோரு வருஷத்துக்கு முன்பு, நிற்க முடியாத போதையில் சாய்வதற்கு ஏதாவது கிடைக்காதா என்று வந்து டிரம்மின்மேல் விழுந்தவர். விழுந்த வாக்கில் ஏதோ சொன்னார், எழுந்தார், பிறகு பாட்டிலைத் தொடவில்லை. அடுத்த வாரமே டிரம் அவர் நெஞ்சில் தொங்கியது. அம்மாளுக்குச் சேனையின்மேல் பெரிய மதிப்பில்லை. "சம்பளமில்லாத பட்டாளம், சண்டை போடாத சிப்பாய்" என்று வாடிக்கையாளர்களிடம் கேலி பேசுவாள். ஆனால் புருஷனின் கால்சட்டைக்கு மட்டும் காய் நறுக்கலாம் போல மடிப்பு வைப்பாள். டிரம் நெஞ்சில் இருக்கிறவரைதான் அந்தக் கை வேறு பக்கம் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

வருஷா வருஷம் டிரம் கனத்தது. முதலில் அவர் தனக்கு வயசாகிறது என்று நினைத்தார். மில் மூடிய வருஷத்தில் மட்டும் பதினாறு கிலோ ஏறியது. பிறகு இரண்டு பேர் தூக்கினார்கள், அப்புறம் நாலு பேர், கடைசியில் தள்ளுவண்டி. சோதனைக்கு வந்த மேஜர், ஒரே சிப்பாய் சுமக்க முடியாதது வாத்தியமல்ல, தட்டுமுட்டுச் சாமான் என்று எழுதி, வரும் ஞாயிறு லாரியில் ஏற்றித் தலைமையகக் கிடங்கில் போடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டிரம்காரர் தன் தொடையிலேயே தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை சாராயக் கடை வாசலில் போய் ஒன்பது நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினார். ஒன்பது என்பதில் தெருவில் இரண்டு கருத்தில்லை. அன்றைக்கு முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அம்மாள் ஒரு சட்டையைத் தீய்த்தாள். மறுநாள் நேரே சேனைக் கூடத்துக்குப் போனாள்.

"ஏன் கேப்டனம்மா, ஆளாளுக்கு வந்து இதுமேல இறக்கி வச்சிட்டுப் போறாங்களே, அப்புறம் அதையெல்லாம் யாரு வெளிய அனுப்புறது?"

"வாங்கிக்கிறதுக்குத்தாம்மா விதி இருக்கு. அனுப்புறதுக்கு புஸ்தகத்துல ஒண்ணும் போடல."

"நல்லாருக்கு போங்க! உங்ககிட்ட வந்துட்டா உத்தரவு இல்லாம நகரக்கூடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க? அதுங்களும் பதினோரு வருஷமா உள்ள விறைச்சுக்கிட்டு நிக்குதுங்க. இடம் எப்படிம்மா பத்தும்?"

கேப்டனம்மா தொப்பியைக் கழற்றிவிட்டு யோசித்தாள். மேஜரைக் கேட்காமல் தன்னால் ஒன்றும் முடியாது என்றாள்.

ஞாயிறன்று லாரி வந்தது, மேஜரும் வந்தார். டிரம்மின்மேல் கயிறு போடப் போகிற நேரத்தில் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மூன்று தெருவுக்குக் கேட்கும்படி துணி கேட்டுப் பழகிய குரல். "அணி, கலை!" என்றாள். முதலில் வாத்தியக்காரர்கள் கலைந்தார்கள், பழக்க தோஷம். பிறகு டிரம்முக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. தோலும் வளையமும் சேரும் இடுக்கு வழியாக, சாண் உயரத்தில், சாம்பல் நிறத்தில், இரண்டிரண்டு பேராகக் கால் மாறாமல் பாவங்கள் வெளியே வந்தன. நாற்பது நிமிஷம் ஆயிற்று. தன்னுடையது கடக்கும்போது அவரவர் வானத்தைப் பார்த்தார்கள், அடுத்தவருடையது கடக்கும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். மளிகைக்காரருக்கு மட்டும் நாலு வரிசை. அணி கடந்தால் சல்யூட் வைக்கவேண்டும் என்பது விதி என்பதால் மேஜர் கடைசிவரை கையை இறக்கவில்லை. நடுவில் ஒன்று அவருக்கு மட்டும் தனியாகத் திரும்பி சல்யூட் வைத்தது. அவர் இதே தெருவில் லெப்டினன்டாக இருந்தவர் என்பது அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வந்தது.

டிரம்காரருடையது கடைசியில் வந்தது. ஒல்லி, கூன், கசங்கிய உடுப்பு. அது அணியை விட்டு விலகி அவர் எதிரில் நின்று நிமிர்ந்து பார்த்தது. அவர் விரல்கள் தாமாகவே அதன் பக்கம் நீண்டன. அம்மாள் நடுவில் வந்து குந்தினாள். எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் கூட இருந்த முகம், தெரியாதா? அதன் காலரை நிமிர்த்தினாள், கசங்கிய கால்சட்டையில் கட்டைவிரல் நகத்தால் ஒரு மடிப்பு வைத்தாள்.

"போ. சாப்பாடு போட்ட வீடுன்னு திரும்பிப் பாக்காத. இங்க உனக்கு வேலை முடிஞ்சிருச்சு."

அது சல்யூட் வைத்துவிட்டு மற்றவர்களைப் பிடிக்க ஓடியது. டிரம்காரர் அது முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, டிரம்மை ஒற்றைக் கையால் எடுத்து நெஞ்சில் மாட்டிக்கொண்டார். லாரி மேஜரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஆறு இருபதுக்கு அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து உத்தரவு கொடுக்கிறாள். பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் இல்லை, கேலியை விடவும் இல்லை. பாலம்வரை அவை கால் மாறாமல் போகின்றன என்றும் அதற்கப்பால் அவரவர் வழி என்றும் பஸ் கண்டக்டர் சொல்கிறார். அந்த ஐந்து நிமிஷம் தெருவின் இடதுபக்கம் யாரும் சைக்கிள் நிறுத்துவதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள், தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்.