சாஸ்காவின் முட்டை

1.

இது கதையாக வரவேண்டியதே இல்லை. கால்நடை டாக்டர் நில்டா, ஒரு புரதத்தைப் பற்றிய தன் ஆய்வை மேய்ப்பர்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டாள். எழுத உட்கார்ந்தால் புரதம் நகரவே இல்லை. அந்த மேய்ப்பர்களில் ஒருத்தியான வெனான்சியாதான் உள்ளே வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

முதல் தொடக்கம்: ‘பெருவின் மலைமேட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு…’

வேண்டாம். பனியை வைத்துத் தொடங்குவது சோம்பேறித்தனம்.

2.

வெனான்சியா கம்பளிக்காக வளர்க்கும் ஒட்டகச் சாதி அல்பாக்காக்களில் வெள்ளைக்காரி சாஸ்கா, வீட்டுப் பொலிகிடாவோடு சேர்த்தும் மூன்று வருடமாகச் சினைப்படவில்லை. ஜூனில் அறுத்து உப்புக்கண்டம் போடுவதென்று கணவர் எலூதேரியோ முடிவு கட்டிவிட்டார். அடுப்போரம் வைத்து வளர்த்த குட்டி, வெனான்சியாவுக்கு மனசில்லை. நில்டாவின் ஊசிக்குத் தலையாட்டினாள்.

(அடிக்குறிப்பு போல: அல்பாக்காவுக்கு முட்டை தானாக வெளிவராது, கூடினால்தான் வரும். ஆணின் விந்தில், நரம்புகளை வளர்க்கும் ஒரு புரதம் இருக்கிறது. அது இரத்தத்தில் ஏறி மூளையைத் தட்டும். மூளை ஹார்மோனை அனுப்பும். சினைப்பை முட்டையை விடும். ஊசியில் இருந்தது அந்தப் புரதம் மட்டும். உலகத்திலேயே நாகரிகமான காதல் கடிதம் இதுதான் என்று எழுதியிருந்தேன். நில்டா அடித்துவிட்டாள். திரும்ப எழுதியிருக்கிறேன்.)

3.

சினையான அல்பாக்கா, கிடா நெருங்கினால் துப்பும். இங்கே எல்லோருக்கும் அதுதான் பரிசோதனை. ஊசி போட்ட ஏழாம் நாள் பொலிகிடாவைக் காட்டினார்கள். சாஸ்கா அதன் மூஞ்சி நிறையத் துப்பினாள்.

வெனான்சியா சோளக்கள்ளை மண்ணுக்குப் படையலாக ஊற்றினாள். “மாதா மன்னிக்கட்டும். அவளுக்கப்புறம் ஆம்பள தொடாம சினையானது என் சாஸ்காதான்.”

“சினை இல்லக்கா,” என்றாள் நில்டா. “முட்டை வந்திருக்கு, அவ்வளவுதான். முட்டை வந்த எடத்துல ஒரு ஹார்மோன் சுரக்கும். அதுதான் துப்பச் சொல்லுது.”

“அப்போ இவகிட்ட கோளாறு இல்லியா?”

“இவகிட்ட இல்ல. கிடாகிட்டதான் சரக்கில்ல போலிருக்கு.”

எலூதேரியோ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் கிடா அது. வெனான்சியா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதை அந்தாளுகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ வாயத் தொறக்காத, டாக்டர் பொண்ணே.”

(அவர் பதில் சொல்லும் காட்சியை மூன்று முறை எழுதிப்பார்த்தேன். மூன்றிலும் மனிதர் உருளைக்கிழங்கு உரிக்கிறார். விட்டுவிட்டேன்.)

4.

சில நாள் கழித்து மறுபடி ஊசி. இந்த முறை பக்கத்து மேட்டுக் கிடாவும் சேர்ந்து. பதினைந்து நாள் பொறுத்துப் பரிசோதனை.

முடிவு ஒன்று: துப்புகிறாள். எல்லோரும் ஆடுகிறார்கள்.

முடிவு இரண்டு: கிடாவுக்கு முன்னால் மடங்கி உட்காருகிறாள். சினை இல்லை. ஜூன் மாதம் வந்து…

இதற்குமேல் கை ஓடவில்லை. வெனான்சியாவிடமே கேட்கப் போனேன். அவள் சாஸ்காவின் காதில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் கோத்துக்கொண்டிருந்தாள். குஞ்சம் கட்டிய உருப்படியை அந்த வீட்டில் யாரும் அறுக்கமாட்டார்கள்.

“நாளைக்குத்தானேக்கா பரிசோதனை?”

“நாளைக்கு என்னவோ ஆயிட்டுப் போகட்டும். மூணு வருஷமா இவளைப் போய் மலடின்னு திட்டியிருக்கேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான். கதை முடிவதற்கு முன்பே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மீதி எனக்குத் தேவையில்லை. நாளைக் காலை பட்டிக்கு நீங்களே கிடாவைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். சாஸ்காவின் முகத்துக்கு நேரே மட்டும் நிற்காதீர்கள்.